புதுப்பாளையத்து ஆசிரமமும் ஊர்ச் சமாதானமும்



மக்கள் கூடி வாழுமிடம் ஊர் எனப்படும். கூடி வாழ்வாருக்குள் கலகமின்றியிருத்தலைச் சமாதானமென்று வழங்குகிறோம். ஆயின் கலகமில்லாத ஊரெல்லாம் சமாதானமுடைய ஊராகுமோ என்பது ஆராய்தற்குரியது. வலியவன் எளியவனது வாயை அடைத்துவிட்டால் அங்கும் சத்தம் இராது. சாவடித் திண்ணையில் அமர்வார் ஒரு சாரார், காற்செருப்பைக் கழற்றிக் கையிலேந்தி நடப்பார் ஒரு சாரார் என்று வகுத்துவைத்த ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக அடிதடி நிகழாதிருந்ததுண்டு. அதனை அச்சத்தால் விளைந்த அடக்கமென்னலாமேயன்றிச் சமாதானமென்னலாகாது. நீதியை முன்னிட்டுப் பலரும் ஒருங்கு கூடி உழைத்துத் தேடிக்கொள்ளும் இணக்கமே மெய்யான சமாதானமாகும்.

இவ்வுண்மையை அயல்நாட்டுச் சரித்திரங்களிற் சென்று தேட வேண்டுவதில்லை. நமது சேலம் ஜில்லாவிலேயே, இப்பொழுது நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்ததாயுள்ள திருச்செங்கோட்டுத் தாலூகாவில், புதுப்பாளையம் என்னும் சிற்றூரில் 1925ஆம் வருஷம் தொடங்கிய காந்தி ஆசிரமத்தின் வரலாறு இதற்குப் போதிய சான்று பகரும். அவ்வாசிரமம் நூறாண்டு கடந்து இன்றும் கதர்த் தொழிலை நடத்திவருகின்றது. நூலையும் தறியையும் நம்பி வாழ்ந்துவரும் குலத்தினராகிய நாம் அதன் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் பொருத்தமும் அவசியமுமாம்.

அக்காலத்து நாட்டு நிலை

திருச்செங்கோட்டு மலையைச் சூழ்ந்துள்ள பூமி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மேற்கெல்லையிற் காவிரி ஓடினும் அதன் நீர் எட்டுமிடம் சிறிது. ஏனைய இடங்களிற் சோளம், கம்பு, பருத்தி, ஆமணக்கு, நிலக்கடலை என்பவையே விளைவு. மழை பொய்த்த வருஷங்களிற் கிணறுகள் வறளும், கால்நடைகள் மெலியும், கூலிவேலை அற்றுப்போகும். உழவர், நெசவாளர், கைத்தொழிலாளர் ஆகிய யாவரும் கடன்பட்டே காலங்கழித்தனர்.

இவ்வெல்லோரினும் கீழான நிலையில் வைக்கப்பட்டிருந்தோர் அருந்ததியரும் ஆதிதிராவிடருமாவர். அவர்களுள் அருந்ததியரது நிலை சிந்திக்கற்பாலது. மின்சார இயந்திரங்கள் வருமுன்னர்க் கொங்கு நாட்டில் நீர்ப்பாசனம் கவலையேற்றத்தாலேயே நடந்தது. மாடுகள் இழுக்கக் கிணற்றினின்று நீரை மேலே கொணர்வது தோற்பறி. அப்பறியைத் தைத்தவரும், கிழிந்தபோது செப்பனிட்டவரும், வருஷக் கூலிக்குப் பண்ணையத்தில் நின்று கவலை ஓட்டியவரும் அருந்ததியரே. அவர் கை தைத்த தோலில் மேலேறிய நீரினால் ஊரார் வயல் விளைந்தது. ஆயினும் அவர் பெண்டிர் ஒரு குடம் குடிநீருக்கு ஊர்க்கிணற்றை அணுகலாகாது. எவரேனும் இரங்கி இறைத்து ஊற்றுமளவும் எட்ட நிற்றல் வேண்டும். இவ்வழக்கம் அநீதியென்று எவர்க்கும் தோன்றாதிருந்ததே அநீதியின் உச்சியாகும்.

இதனோடு மதுவின் கொடுமையும் சேர்ந்தது. கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் அரசாங்கமே ஏலத்தில் விட்டு வருமானம் ஈட்டியது. சந்தை நாளிற் கிடைத்த கூலி வீடு சேருமுன் கடை சேர்ந்தது. வறுமையினாற் குடியும், குடியினாற் கடனும், கடனினால் அடிமைத்தனமும், அடிமைத்தனத்தினால் மேலும் வறுமையுமாக இச்சங்கிலி அறாது சுழன்றுவந்தது.

சேலம் நகரசபையில் ஒரு முன்னோட்டம்

ஆசிரமத்தைத் தோற்றுவித்த ஸ்ரீ சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878ஆம் வருஷம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்தவர். 1900ஆம் வருஷமுதல் சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திப் பெரும் பொருளீட்டினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராயிருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் சேலம் நகரசபையில் முதன்முதலாக அங்கம் பெற்றது அவரது முயற்சியினாலேயே ஆகும். அக்காலத்தில் அக்கிரகாரத்துத் தண்ணீர்க்குழாயைத் திறந்து மூடும் வேலையிற் பஞ்சமர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் கைபட்ட நீர் தீட்டாயிற்று என்று வைதிகர் கூச்சலிட்டனர். தலைவரோ தாமே அவ்வகுப்பினராயிருந்தும் அக்கூச்சலுக்கு இணங்கினாரில்லை. நாள் செல்லச் செல்லக் கூச்சல் ஓய்ந்தது. நீரும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது.

இச்சிறு நிகழ்ச்சியில் ஒரு நுட்பமுண்டு. சீர்திருத்தம் செய்யப் புகுவோர் பலர் அயலார் வீட்டுக் குற்றத்தையே முதலில் எடுத்துக்கொள்வர். தமது வகுப்பாரின் கோபத்தைத் தாமே ஏற்றுக்கொண்டு தொடங்குவோர் சிலரே. அத்தகையார் சொல்லுக்கே ஊரில் மதிப்புண்டு.

இரண்டு பந்திகளின் கதை

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு, வக்கீல் தொழிலைத் துறந்து, வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் இருந்து மீண்ட இராஜகோபாலாச்சாரியார், மேடைப் பேச்சினால் மட்டும் நாடு விடுதலை பெறாதென்றும், கிராமத்திற் சென்று குடியிருந்து தொண்டு புரிதல் வேண்டுமென்றும் துணிந்தார். புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் உதவினார். 1925ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 6ஆம் தேதி ஆசிரமம் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் ஈரோடு ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி நாயக்கர், பிற்காலத்திற் பெரியார் என்று தமிழ்நாடு அறிந்த பெரியவரே. கொள்கையாற் பின்னர் எதிரெதிர்த் துருவங்களாகி, நட்பாற் பிரியாதிருந்த இவ்விருவரும் ஒரே பணியில் ஒருங்கு நின்ற நாள் அது.

அக்காலத்தின் தன்மையை அறிதற்கு வேறிரண்டு நிகழ்ச்சிகளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். மலையாள நாட்டு வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடத்தற்கு உரிமை கேட்டு 1924ஆம் வருஷம் தொடங்கிய சத்தியாக்கிரகம் அப்பொழுது நடந்துகொண்டிருந்தது. நாயக்கர் அதில் இருமுறை சிறைப்பட்டார். தெற்கே திருநெல்வேலி ஜில்லாச் சேரன்மாதேவியில் தேசபக்தர் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்திலோ, பிராமணச் சிறுவர் சிலர்க்குத் தனிப்பந்தி வைக்கப்பட்ட செய்தி வெளியாகிப் பெரும் பூசலாயிற்று. பொதுமக்கள் பணத்தால் நடக்கும் குருகுலத்திற் பந்தி வேற்றுமை கூடாதென்று முன்னின்று வாதாடியவர் நமது இராசிபுரத்திற் பிறந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு ஆவர். இவ்வழக்கில் நாயுடுவும் நாயக்கரும் ஒருபுறமும், இராஜகோபாலாச்சாரியார் முதலியோர் மறுபுறமுமாகக் காங்கிரஸ் கமிட்டியிற் பிளவு நேர்ந்ததென்பதை மறைத்தற்கில்லை. நிர்ப்பந்தத்தினாற் சமபந்தி ஏற்படுத்தலாகாதென்பது இவர் கட்சி. சமபந்தியில்லாத தேசியம் தேசியமாகாதென்பது அவர் கட்சி.

ஆயினும் புதுப்பாளையத்திற் பந்தி ஒன்றாகவே இருந்தது. ஆசிரமவாசிகளிற் பிராமணருமிருந்தனர், பிற வகுப்பினருமிருந்தனர், தாழ்த்தப்பட்ட குடும்பத்தினருமிருந்தனர். யாவரும் ஒரே சமையலை ஒரே வரிசையில் அமர்ந்துண்டனர். ஸ்ரீ கே. சந்தானம் அவர்கள் மனைவியாருடன் அங்கு வந்து வசித்து நிர்வாகப் பொறுப்பேற்றார். பிற்காலத்தில் அரசாங்கத்தின் இலஞ்ச ஒழிப்புக் குழுவுக்குத் தலைவராயிருந்து பெயர்பெற்றவர் இவரே. சேரன்மாதேவியில் நாட்டுப்பற்றும் கல்வியும் நிறைந்திருந்தும் ஒரு பந்தியினால் எல்லாம் சிதைந்தன. புதுப்பாளையத்தில் ஓலைக்குடிசைகளே இருந்தும் பந்தி ஒன்றாயிருந்தமையால் நாளடைவில் ஒரு ஸ்தாபனம் நிலைபெற்றது. ஒரு சபையின் யோக்கியதையை அதன் தீர்மானங்களிற் காண்பதைவிடச் சாப்பாட்டு வரிசையிற் காண்பது எளிது.

தராசும் இராட்டையும்

ஆசிரமத்தின் முதல் வேலை நூற்பு. பருத்தி கொட்டை நீக்கப்பட்டுப் பஞ்சு கொட்டப்பட்டுப் பட்டையாக உருட்டப்பெறும். சுற்றுக் கிராமத்துப் பெண்டிர் அதனைப் பெற்றுச் சென்று தத்தம் வீட்டில் இராட்டையில் நூற்று, சிட்டமாக்கிக் கொணர்வர். ஆசிரமத்தார் நூலை நிறுத்து, முறுக்கும் நேர்மையும் பார்த்து, அங்கேயே கூலி கொடுப்பர். அந்நூல் பின்னர்த் தறிக்குச் சென்று கதராகும். மழை பொய்த்துக் களத்தில் வேலையில்லாத நாட்களில் இக்கூலி அணாக்கணக்கினதாயினும் அடுப்பெரித்தது. கணவன் கையிலும் கடைக்காரன் கையிலும் படாது பெண்ணின் கைக்கே நேராக வந்தமையால் அது குழந்தைகளின் வயிற்றுக்குச் சென்றது.

இத்தொழில் முறையில் மறைந்துள்ள நீதியை உற்று நோக்குங்கள். தராசின் முன் கவுண்டர் வீட்டு அம்மாளும் அருந்ததியர் வீட்டு அம்மாளும் நூலைக் கொணர்ந்து வைக்கின்றனர். தராசு சாதி கேட்பதில்லை. நூலின் எடையையும் தரத்தையுமே கேட்கின்றது. பிரசங்கத்தினால் ஆயிரம் முறை சமத்துவம் போதித்தாலும் நெஞ்சிற் பதியாத ஒன்று, வாரந்தோறும் ஒரே தராசின் முன் நிற்பதனால் மெல்ல மெல்லப் பதிகின்றது. உபகாரமாகப் பெற்றது பெற்றவரைக் குனியச் செய்யும். உழைப்பின் கூலியாகப் பெற்றது நிமிரச் செய்யும்.

நெசவுக்குலத்தாராகிய நமக்கு இதில் மற்றொரு விஷயமும் உண்டு. கைந்நூல் ஆலைநூலைப்போல் ஒரே சீராக இராது. பாவில் அடிக்கடி அறும். அற்ற இழையை முடிந்து முடிந்து நெய்பவர் பொறுமை இழப்பர். ஒருநாள் வேலை இரண்டு நாளாகும். ஆதலின் கதரியக்கத்தின் தொடக்கத்தில் நெசவாளர் பலர் கைந்நூலைத் தொட விரும்பாதது இயற்கையே. நெசவாளரது தேசபக்தியைக் குறைகூறிப் பயனில்லையென்றும், நூற்போர்க்கு நன்கு நூற்கக் கற்பித்தும் நெய்வார்க்கு உரிய கூலி கொடுத்துமே இதனைத் தீர்க்க முடியுமென்றும் கதர்த் தொண்டர்கள் அனுபவத்தாற் கண்டனர். அகில பாரதச் சர்க்கா சங்கம் 1925ஆம் வருஷம் செப்டம்பரில் ஏற்பட்டபின் இவ்வேலை நாடெங்கும் ஒழுங்குபட்டது. 1935ஆம் வருஷம் அச்சங்கம் காந்தியடிகளின் தூண்டுதலால் ஒரு தீர்மானம் செய்தது. கதரின் விலை ஏறினும் ஏறுக, நூற்கும் பெண்ணுக்கு வயிறு நிரம்பும் கூலி கொடுத்தே தீரவேண்டும் என்பது அதன் சாரம். வாங்குவோரின் ஆதாயத்தைவிட உழைப்போரின் உணவு முற்பட்டதென்று ஒரு வியாபார ஸ்தாபனமே ஒப்புக்கொண்டது அந்நாளிற் புதுமையே.

எதிர்ப்பும் பொறுமையும்

தாழ்த்தப்பட்டோரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒன்றாக உண்ணும் இடத்தைச் சுற்றுப்புறத்தார் உடனே நேசித்திருப்பர் என்று எண்ணலாகாது. ஆசாரத்திற் பற்றுடையோர் அருவருத்தனர், ஐயுற்றனர். ஆசிரமத்தார் அவரோடு சண்டைக்கும் நிற்கவில்லை. அவர்க்கஞ்சித் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவுமில்லை. நோயாளிக்கு மருந்து கொடுத்தனர். நூலுக்குக் கூலி கொடுத்தனர். தேவையுள்ளவர் வந்தனர், வந்தவர் பழகினர், பழகியவரது அருவருப்புக் குறைந்தது. 1925ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், வைக்கம் சென்று மீண்ட காந்தியடிகள் புதுப்பாளையத்திற்கு எழுந்தருளி ஆசிரமத்தைக் கண்டார். 1934ஆம் வருஷம் தீண்டாமை விலக்கு யாத்திரையாகத் தமிழ்நாட்டில் சுற்றியபொழுதும் இத்தாலூகாவிற்கு வந்தார்.

1930ஆம் வருஷத்து வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தை இராஜகோபாலாச்சாரியார் தலைமை தாங்கி நடத்தினார். திருச்சிராப்பள்ளியினின்று ஏப்ரல் 13ஆம் தேதி புறப்பட்ட நூறுபேரளவான தொண்டர்க்கு வழிநடைப் பாட்டு இயற்றித் தந்தவர் நமது மோகனூரிற் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அவர்கள். கைதாவோமென்று தெரிந்தும் கைந்நீட்டாது நடக்கும் கட்டுப்பாடு ஒருநாளிற் கைவரும் குணமன்று. கிராமத்தில் ஐந்தாண்டு ஏச்சையும் பேச்சையும் பொறுத்துப் பழகிய பயிற்சி அப்பெரும்போரில் உதவிற்று என்பது நம் துணிபு.

மதுவிலக்கு

நூற்ற கூலி மதுக்கடையிற் கரைவதைக் கண்ணாரக் கண்டமையால் மதுவிலக்கு ஆசிரமத்தின் இரண்டாவது பெரும்பணியாயிற்று. 1929ஆம் வருஷம் ‘விமோசனம்’ என்னும் தமிழ் மாதப்பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. மதுவிலக்கையே பொருளாகக் கொண்ட அப்பத்திரிகைக்கு இராஜகோபாலாச்சாரியார் ஆசிரியர், ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தி துணையாசிரியர். கதைகளாலும் படங்களாலும் எளிய நடையில் எழுத்தறிந்தோர் எழுத்தறியாதோர்க்குப் படித்துச் சொல்லுமாறு அஃது அமைந்தது. அடுத்த வருஷத்துச் சிறைவாசத்தால் அது நின்றதாயினும் அது விதைத்த கருத்து நின்றுவிடவில்லை.

1937ஆம் வருஷம் ஜூலை மாதத்திற் சென்னை மாகாணப் பிரதம மந்திரியான இராஜகோபாலாச்சாரியார், அவ்வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமலுக்குக் கொணர்ந்தார். மாகாணத்தில் முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்டது நமது ஜில்லாவே. ஆங்கிலேயராகிய கலெக்டர் டிக்ஸன் துரை அதனை மனப்பூர்வமாக நிறைவேற்றினார். கடைகள் மூடப்பட்டபின் ஏழைக்குடும்பங்களில் உணவும் துணியும் மிகுந்தன, சில்லறைக் கடன்கள் குறைந்தன என்று அக்காலத்து ஆராய்ச்சிகள் கூறின. மரமேறும் தொழிலாளர் பிழைப்பிழந்தனர் என்பதும் உண்மையே. பதநீர் இறக்கிப் பனைவெல்லம் காய்ச்ச அவர்க்கு வழிவகுக்க முயன்றனர். அரசாங்கத்தின் வருமான இழப்பை ஈடுசெய்யவே 1939ஆம் வருஷம் விற்பனை வரி ஏற்பட்டது.

பின்னர் நேர்ந்ததையும் கூறுதல் வேண்டும். மந்திரிசபை 1939இல் விலகியபின், உலகயுத்தத்தின் நடுவில், கவர்னரது ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. மீண்டும் உயிர்பெற்று 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. சட்டம் மாறுந்தோறும் கடை திறப்பதும் மூடுவதுமாயிற்று. மக்கள் மனத்தில் வேரூன்றிய அளவே ஒரு சீர்திருத்தம் நிற்கும்; சட்டம் அதற்கு வேலியாகலாமேயன்றி வேராகாது.

தொண்டின் எல்லை

ஆசிரமத்தைப் புகழுமளவில் அதன் எல்லையையும் அறிதல் நேர்மை. மேலிருப்போர் மனமிரங்கிக் கீழிருப்போரைத் தூக்கிவிடுதல் என்னும் கருத்து அத்தொண்டில் ஓரளவு கலந்திருந்தது. ஆனால் தாழ்த்தப்பட்டோரின் தலைவர்கள் இரக்கத்தை வேண்டினாரில்லை, உரிமையையே வேண்டினர். ஆசிரமம் தோன்றுவதற்கு முந்திய 1924ஆம் வருஷமே திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில், பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொதுச்சாவடி ஆகியவற்றை எல்லா வகுப்பினரும் தடையின்றி வழங்குதற்கு உரியர் என்று தீர்மானம் கொணர்ந்து நிறைவேற்றினார். ராவ்பகதூர் எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1938ஆம் வருஷம் சிவில் தடைகளை நீக்கும் சட்டம் ஏற்பட்டது. காந்தியடிகள் அன்பினால் இட்ட ‘அரிசனர்’ என்னும் பெயரையும் அம்மக்களிற் பலர் ஏற்கவில்லை. தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் உரிமையும் உரிமைகளுள் ஒன்றன்றோ?

ஈரோட்டுப் பெரியாரோ 1925ஆம் வருஷ இறுதியிற் காஞ்சிபுர மாநாட்டோடு காங்கிரஸை விட்டு விலகி, சுயமரியாதையே முதற்கண் வேண்டுவதென்று தனிவழி கண்டார். 1944ஆம் வருஷம் ஆகஸ்டில் நமது சேலத்தில் நடந்த மாநாட்டிலேதான் நீதிக்கட்சி திராவிடர் கழகமெனப் பெயர் மாறிற்று. இவ்விரு வழியினரும் ஒருவரையொருவர் கடுமையாகக் கண்டித்தனர். ஆயினும் சரித்திரத்தை நடுநின்று நோக்குவார்க்கு இரண்டும் வேண்டியனவே என்பது விளங்கும். உரிமைக்குரல் எழாத இடத்தில் தொண்டு தயவாகத் தேய்ந்துபோம். தொண்டு இல்லாத இடத்தில் உரிமை ஏட்டோடு நின்றுவிடும். சுதந்தர பாரதத்தின் அரசியற் சட்டம் 17ஆம் விதியாற் தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் வருஷத்துச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. 2009ஆம் வருஷம் தமிழ்நாட்டு அரசாங்கம் அருந்ததியர்க்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு அளித்தது. இவையாவும் எவரும் இரங்கித் தந்த பிச்சையல்ல; கேட்டுப் பெற்ற பங்கு.

நமது தறியும் நமது கடமையும்

நிற்க. பழங்கதையை இத்துணை விரித்தது பெருமை பேசுதற்காக அன்று. நமது குலத்தார் ஒரு காலத்திற் கடன்பட்ட கைத்தறி நெசவாளராயிருந்தனர். பாவுக்கும் நூலுக்கும் வியாபாரியின் வாசலில் நின்ற நாட்களை நம் பாட்டன்மார் அறிவர். இன்று சேலத்திலும், திருச்செங்கோட்டிலும், பள்ளிபாளையத்திலும், குமாரபாளையத்திலும் விசைத்தறிகள் ஓயாது இயங்குகின்றன. அவற்றுட் பலவற்றிற்கு நம்மவரே உரிமையாளர். தறியோட்டுவோரில் நம்மவரும் உளர், பிற வகுப்பு ஏழைகளும் உளர், அருந்ததியரும் உளர். முன்பு பாவு வாங்கி நின்ற இடத்தில் இன்று வேறொருவர் முன்பணம் வாங்கி நிற்கின்றார்.

முன்பணம் என்பது முதலில் உதவியாகவே தோன்றும். மகள் திருமணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ தொழிலாளி பெறுகிறார். வாரக்கூலியோ வயிற்றுக்கே போதாது. கடன் அப்படியே நிற்கின்றது. அதனைத் தீர்க்க மற்றொரு தறிக்கூடத்தாரிடம் மேலும் பெரிய முன்பணம் பெற்று அங்குச் செல்கிறார். பட்டறை மாறுகின்றது, கட்டு மாறுவதில்லை. வெளியே கந்துவட்டிக்கு வாங்கியிருந்தால் அவதி இரட்டிக்கும். 2025ஆம் வருஷம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர் சிலர் கடன் நெருக்கடியினால் தம் சிறுநீரகத்தையே விற்றனர் என்னும் செய்தி நாடெங்கும் பரவி, அரசாங்கம் விசாரணை நடத்த நேர்ந்ததை நாம் அனைவரும் படித்தோம். படித்துவிட்டு இஃது இடைத்தரகரின் குற்றமென்று சொல்லி அடுத்த பக்கம் புரட்டினோர் பலர். அத்தொழிலாளர் இயக்கியது யாருடைய தறி என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் வருஷமே ஏற்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் 1982ஆம் வருஷம் தீர்ப்பளித்தது. ஆயின் சட்டம் வேலியேயன்றி வேராகாதென்று முன்னரே கண்டோம். வேரூன்ற வேண்டிய நிலம் நமது சங்கமே. நம் ஊர்களில் வேலைநிறுத்தம் இல்லை, சச்சரவு இல்லை, எல்லாம் அமைதியாக இருக்கின்றது என்று உரிமையாளர் மகிழலாம். இக்கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்வியை இங்கே மறுபடியும் கேட்க வேண்டும். அவ்வமைதி இணக்கத்தாலாயதோ, அன்றிக் கடனால் வாயடைக்கப்பட்டதோ?

ஆதலின் சங்க அங்கத்தினர் முன் சில யோசனைகளை வைக்கின்றோம். முதலாவது, தறிக்கூடம் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தொழிலாளர்க்குக் கொடுத்த முன்பணத்தையும் கழித்த தொகையையும் கணக்கெழுதி, அக்கணக்கின் நகலைத் தொழிலாளியின் கையிற் கொடுத்தல் வேண்டும். ஆசிரமத்துத் தராசைப்போல் அது யாவர் கண்ணுக்கும் தெரிவதாக இருக்கட்டும். இரண்டாவது, சட்டம் விதித்த கூலிக்குக் குறைத்துக் கொடுப்பது நம் குலத்துக்கே இழிவு என்பதை மகாசபையில் தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது, மருத்துவத்துக்கும் கல்விக்கும் வட்டியின்றிக் கைமாற்றுக் கொடுக்கும் நிதியொன்றைச் சங்கத்தில் ஏற்படுத்தி, நம்மவர்க்கு மட்டுமின்றி நம் தறியில் உழைக்கும் எவ்வகுப்பார்க்கும் அதனைத் திறந்துவிட வேண்டும். நான்காவது, தகராறு தீர்க்கும் பஞ்சாயத்தில் உரிமையாளர் மட்டும் அமராது, தொழிலாளரும் பெண்டிரும் சமமாக அமர வேண்டும். ஐந்தாவது, நமது கோயில் விழாக்களிலும் திருமண மண்டபங்களிலும் பந்தி ஒன்றாக வேண்டும். இவ்வைந்தினுள் கடைசியே மிகக் கடினமானதென்று தோன்றலாம். ஆனால் அஃதொன்று கைவந்தால் ஏனைய நான்கும் எளிதாகும்.

சாதிச் சங்கம் தன் சாதியாரை அல்லவோ பேண வேண்டும், அயலாரைப் பேணுவானேன் என்று சிலர் வினவலாம். நம் சங்கத்தை நிறுவிய முன்னோர், நெசவாளி வியாபாரியின் வாசலிற் கைகட்டி நிற்கும் நிலை மாற வேண்டுமென்றே கூடினர். அந்நிலையில் மற்றொருவரை நாமே நிறுத்திவைப்போமாயின் சங்கம் எதற்காகத் தோன்றிற்றோ அக்காரியத்தை நாமே அழித்தவராவோம். சேலம் அக்கிரகாரத்துக் குழாய் விஷயத்தில் ஒருவர் தம் வகுப்பாரின் கோபத்தை ஏற்றுக்கொண்டார். அத்துணை மனவுறுதி நம்மில் ஊருக்கொருவர்க்கு இருந்தாலும் போதும்.

வரும் மகாசபைக் கூட்டத்தில் இவ்யோசனைகளை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளை வேண்டுகின்றோம். கூட்டத்துக்கு வருவோர் தத்தம் தறிக்கூடத்து முன்பணக் கணக்கையும் கையோடு கொண்டுவருவார்களாக.